வீட்டில் ஓதம்: மூச்சு நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சுவரின் அடிப்பகுதி நனைந்து நிறம் மாறுதல், காரை உதிர்தல், உப்புப் பூத்தல், அறையில் பூசண வாடை வீசுதல் ஆகியவை ஓதத்தின் அடையாளங்கள். ஆஸ்துமா உள்ளவர் வாழும் வீட்டில் இவை கட்டடப் பழுதாக மட்டும் நின்றுவிடுவதில்லை, நோயையும் கடுமையாக்குகின்றன. ஈரமும் பூஞ்சையும் மிகுந்த வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமாவும் பிற மூச்சுக் கோளாறுகளும் கூடுதலாக ஏற்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் சுட்டிக்காட்டியுள்ளது.

நினைவில் கொள்ள வேண்டியவை இரண்டு: பூச்சு பூசுவதற்கு முன் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும், அப்பணியில் நோயாளி ஈடுபடக் கூடாது.

நன்னிலம் பகுதியில் ஓதம் மிகுவது ஏன்?

காவிரிப் படுகையின் களிமண் நீரை நெடுநாள் பிடித்து வைக்கும். வீடுகளை ஒட்டியே நெல் வயல்கள் உள்ளன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது நிலத்தடி நீர் மேலும் உயர்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரம் சுவரில் ஏறுகிறது. தெருவைப் பலமுறை உயர்த்தியதால் தாழ்ந்துபோன பழைய வீடுகளில் இச்சிக்கல் அதிகம்.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

- ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், ஒவ்வாமை உள்ளவர்கள்
- காசநோயால் நுரையீரலில் பாதிப்பு ஏற்பட்டவர்கள்
- புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவர்கள்
- கைக்குழந்தைகள், முதியோர்

ஈரமான வைக்கோலையும் பூசணம் பிடித்த நெல்லையும் கையாளுவோருக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் தோன்றினால், அது ‘உழவர் நுரையீரல்’ எனப்படும் ஒவ்வாமை அழற்சியாக இருக்கலாம். மருத்துவரிடம் வேலையின் தன்மையையும் தெரிவிக்க வேண்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

ஒன்றரை அடி சதுரமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் இடைவெளியின்றி ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்கவும். தாளின் அடியில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்புறத்தில் மட்டும் இருந்தால் அறைக்காற்றில் ஈரம் மிகுந்துள்ளது. காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும். சுவரின் மேற்பகுதி நனைந்திருந்தால் கூரை, ஓடு, குழாய் ஆகியவற்றைச் சோதிக்கவும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

1. கூரை நீர் சுவரடியில் விழாதவாறு குழாய் அமைத்துத் தொலைவில் விடவும். குளியலறை, துணி துவைக்கும் இடக் கழிவுநீரும் சுவரோரம் தேங்கக் கூடாது.
2. வீட்டைச் சுற்றிலும் தரை வெளிநோக்கிச் சரிய வேண்டும். 10 அடிக்கு அரை அடி இறக்கம் போதுமானது.
3. வெளிப்புற மண், வீட்டுத் தரைமட்டத்தை விட அரை அடியேனும் தாழ்ந்திருக்க வேண்டும். சுவரில் சாய்த்துக் குவித்த மண், விறகு, வைக்கோலை அகற்றவும்.
4. கட்டில், பீரோ, நெல் மூட்டைகளைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, பலகை மீது வைக்கவும்.

ஓதம் ஏறும் சுவரின் உட்புறத்தில் டைல்ஸ் ஒட்டுவதோ சிமெண்ட் பூசுவதோ தீர்வாகாது. ஆவியாக வழியின்றி ஈரம் இன்னும் உயரே ஏறும். குளிர்நாடுகளில் தரைக்கு அடியில் தவழ்ந்து செல்லும் அளவு இடைவெளி விட்டு வீடு கட்டி, அங்குள்ள மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுகின்றனர். நம் வீடுகளில் தரை மண்ணின் மீதே அமைவதால், தளத்தைப் புதிதாகப் போடும்போதுதான் அவ்வாறு செய்ய இயலும்: கெட்டித்த மணல் மீது 250 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு விரித்து, அதன்மேல் கான்கிரீட் இட வேண்டும். சுவரடியில் துளையிட்டு ஓதத் தடுப்பு மருந்து செலுத்துவதை அனுபவமுள்ள கொத்தனாரிடம் விடவும்.

சம்பா அறுவடை முடிந்த பின், கோடையில் சுவர் நன்கு உலர்ந்திருக்கும்போது இவ்வேலைகளைச் செய்வது நல்லது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன் முடித்துக்கொள்ளலாம்.

பூஞ்சையை நீக்கும்போது

- நோயாளியை வேறு அறைக்கோ உறவினர் வீட்டிற்கோ அனுப்பிய பின் தொடங்கவும்.
- செய்பவர் என்95 முகக்கவசம், கையுறை அணிந்து, கதவு சன்னல்களைத் திறந்து வைக்கவும்.
- உலர்ந்த நிலையில் சுரண்ட வேண்டாம், துகள்கள் பறக்கும். சோப்பு நீரால் தேய்த்துத் துடைத்து, நன்கு உலர்த்தவும்.
- பிளீச்சிங் கரைசலுடன் ஆசிட், அம்மோனியா போன்றவற்றைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு உண்டாகும்.
- வெள்ளத்தில் நனைந்து, இரண்டு நாள்களுக்குள் உலராத மெத்தை, தலையணைகளை அகற்றிவிடவும்.

மருந்துகள்

வீடு உலர்ந்துவிட்டது என்று எண்ணி, தினசரி இன்ஹேலரைத் தாமாக நிறுத்தக் கூடாது. இன்ஹேலரில் இட்டு உறிஞ்சும் பொடி மருந்துக் குளிகைகள் ஈரத்தால் கெடும். அவற்றை மூடிய டப்பாவில், ஓதமில்லாத அலமாரியில் வைக்கவும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இரவில் இருமலும் இழைப்பும் தொடர்ந்தாலோ, வீட்டை விட்டு வெளியே இருக்கையில் குறைந்து திரும்பியதும் மிகுந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். முழு வாக்கியம் பேச இயலாத திணறல், உதடு நீலமாதல், இன்ஹேலருக்கும் குறையாத இழைப்பு ஆகியவை அவசர நிலைகள். உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.