முதியோர் சேவையும் மக்கள் தொடர்பும்

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூறு பேரில் 12 பேருக்கு மேற்பட்டோர் 60 வயதை எய்தியவர்கள். இவர்களுக்காக 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. முதியோருக்கான தேசிய சபையும் பராமரிப்புச் சபையும் அதன்வழித் தோன்றின. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆயின், எத்தனை தாய்மார் விண்ணப்பிப்பர்? "பெற்ற பிள்ளைமேல் வழக்கா?" என்னும் நாணமே வாயை அடைத்துவிடும். அரைவயிறு உண்டாலும் மகனின் பெயர் கெடலாகாது என்றிருக்கும் தாய்க்குச் சட்டப் பிரிவுகளை அச்சிட்டு அனுப்பி என்ன பயன்? மக்கள் தொடர்புப் பணியின் கடினமான பகுதி இதுவே. செய்தி தாய்க்கு மட்டுமன்றி மகனுக்கும் மருமகளுக்கும் போய்ச் சேரவேண்டும். பெற்றோரைப் பேணுதல் தாம் விரும்பிச் செய்யும் உபகாரமன்று, சட்டம் விதித்த கடமை என்பதைப் பிள்ளைகள் முன்னரே அறிந்திருப்பின், பல வீடுகளில் விண்ணப்பத்துக்கே இடமிராது.

செய்தி சொல்லும் முறையும் கவனிக்கத்தக்கது. முதுமையில் முதலில் மங்குவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகளைக் கேட்கும் திறனாகும். ஆதலால் உரக்கக் கத்துவதைவிட, முகம் பார்த்து, தாழ்ந்த குரலில் நிறுத்திப் பேசுவதே விளங்கும். கண்வில்லை மஞ்சட்படுவதால் நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது அரிதாகும். வெண்தாளிற் கரிய பெரிய எழுத்துப் போதும். வர்ணச் சுவரொட்டி அச்சிட்டவருக்கே அழகு.

இன்னொரு வழக்கம் வருந்தத்தக்கது. ஒரு சேலையையோ அரிசிப் பொதியையோ நால்வர் பற்றிப் பிடித்துக்கொண்டு, நடுவில் மூதாட்டியை நிறுத்திப் புகைப்படம் எடுப்பர். நிறுவனத்துக்கு அது விளம்பரமாகலாம். அப்படத்தைக் கண்ட அயலவளோ, உதவி வேண்டியிருந்தும் அந்த வாசலை மிதிக்கமாட்டாள்.

ஐக்கிய நாடுகள் சபை 1990இல் தீர்மானித்தவாறு ஒக்டோபர் 1ஆம் தேதி 1991 முதல் சர்வதேச முதியோர் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. அன்று மேடையிற் பேசுவோர் பெரும்பாலும் அதிகாரிகளே. முதியோர் முன்வரிசையில் அமர்ந்து கேட்பர். முதியோர் அடையாள அட்டை பெற்ற ஒருவரை மேடையேற்றி, பிரதேச செயலகத்தில் எவரைக் கண்டார், எத்தனை முறை நடந்தார் என்று சொல்லச் செய்தால், சபையிலுள்ள மற்றவர் மறுநாளே புறப்படுவர். மரணசகாய சங்கக் கூட்டத்திலும் கோயில் வீதியிலும் இவ்வாறு வாய்வழி பரவும் செய்தியே எழுத்தறியாதாரையும் எட்டுகிறது.