காசநோய்: கணக்கை முடிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

புதுவாயலிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் மறுபடி மறுபடி ஒரே கதைதான். வாரக்கணக்காக இருமல், மருந்துக்கடையில் டானிக், அப்புறம் மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு. காசநோய் என்று தெரிந்ததும் கான்ட்ராக்டர் கணக்கை முடித்து அனுப்பிவிடுகிறார். தொழிலாளி பீகாருக்கோ ஒடிசாவுக்கோ ரயிலேறுகிறார். மாத்திரை பாதியில் நிற்கிறது.

நோயாளியை விரட்டத் தேவையில்லை என்று உலகுக்குக் காட்டியதே சென்னைதான். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959-இல் வெளியிட்டது. வீட்டாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. 1992-இல் அங்கே சேர்ந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன் குழந்தைகளின் காசநோயையும் எச்.ஐ.வி.யோடு வரும் காசநோயையும் ஆராய்ந்தார். பின்னர் அதன் இயக்குநரானார், 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார். நம் திருவள்ளூர் வட்டாரத்தில் 1968-இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, அந்த ஊசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று காட்டியது. கையில் தழும்பு இருக்கிறதே என்று நம்பி உட்காராதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைக் கொடுங்கள். எச்சிலைக் கொடுத்தால் பயனில்லை. நெஞ்சிலிருந்து வரும் சளி வேண்டும், அதிலும் காலைச் சளி நல்லது. சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனை கேளுங்கள்; ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் அதில் தெரியும். காசநோய்க்கென்று ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் பார்க்கும் சோதனையை 2012-லேயே அரசு தடைசெய்துவிட்டது. யாராவது எழுதினால் காசு கொடுக்காதீர்கள். பவுண்டரி, கல் உடைக்கும் இடம் என்று சிலிக்கா தூசியில் வேலை செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம், அவர்கள் இன்னும் சீக்கிரம் போக வேண்டும்.

சாதாரண காசநோய்க்கு மருந்து ஆறு மாதம், இலவசம். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மருந்துக்கு மசியாத கிருமி வளரும். அரசின் காசநோய்ப் பதிவு எண்ணான நிக்சய் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், வங்கிக் கணக்கு விவரம் கொடுங்கள். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வர வேண்டும். தனியார் மருத்துவரிடம் போனாலும் அவர் உங்களைப் பதிவு செய்தே ஆக வேண்டும்.

அடுத்தது ஈ.எஸ்.ஐ. சம்பளத்தில் பிடித்தம் இருந்தால் கான்ட்ராக்ட் ஆளுக்கும் உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் விடுப்புச் சான்று வாங்கி, நாள் விடாமல் கிளை அலுவலகத்தில் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு சான்று விட்டுப்போனால் அந்த நாட்களுக்குப் பணம் சிக்கலாகும். முதல் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், அதற்குப் பிறகும் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். இதற்கு இரண்டு ஆண்டு தொடர் வேலையும் கடைசி நான்கு சந்தா காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். நோய் உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கச் சட்டத்தில் இடமில்லை. இதைத் தெரிந்துகொண்டே கணக்கை முடிக்கிறவர்களைக் கேள்வி கேட்க வேண்டிய அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருப்பது வெட்கக்கேடு.

ஊருக்குப் போகத்தான் வேண்டுமென்றால், டிக்கெட் எடுப்பதற்கு முன் மருந்து தரும் நிலையத்தில் சொல்லி, நிக்சய் எண்ணில் மாற்றல் பதிவு செய்துகொள்ளுங்கள். அதே மருந்து உங்கள் ஊர் அரசு மையத்திலும் தடையின்றிக் கிடைக்கும். வழி தெரியாவிட்டால் 1800-11-6666 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.