பெர்மிட்டில் எழுதப்படாத பெயர்

வன்னியில் வட்டக்கச்சியிலும் உருத்திரபுரத்திலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டி, கிணறு தோண்டி, குளத்து நீரை வாய்க்கால் வழியே வயலுக்குத் திருப்பி வாழ்ந்துவரும் குடும்பங்களுள் பலவற்றிற்கு மூத்தோர் விட்டுச்சென்ற ஆஸ்தி நொத்தாரிசு எழுதிய உறுதியன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கிய ‘பெர்மிட்’ என்னும் பத்திரமே. இடப்பெயர்வு தோறும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிச் சென்ற அந்தத் தாளில், பின்னுரித்தாளர் பெயருக்கென விட்ட இடம் வெறுமையாகவே கிடப்பதை இன்றும் காணலாம்.

அவ்வெறுமை அற்பமானதன்று. முதுசம், சீதனம் என நாம் பழகிய தேசவழமை இந்நிலத்தைத் தீண்டாது. உடையவர் உயிரோடிருக்கையில் நியமித்துப் பதிவு செய்தவருக்கே அது சேரும். மனைவி தம் ஆயுட்காலம்வரை அனுபவிக்கலாமாயினும், நியமனம் பெறாதவராயின் அதைப் பராதீனம் செய்யவோ, பின்னுரித்தாளரை நியமிக்கவோ இயலாது. மறுமணம் செய்தால் அவ்வனுபவமும் அற்றுப்போம். நியமனமே இல்லாவிடில் அச்சட்டத்தின் அட்டவணை முறைப்படி பிள்ளைகளுக்குச் செல்லும். அதில் 2022ஆம் ஆண்டுத் திருத்தம்வரை மகளுக்கு முன் மகனே நின்றான். இறந்த ஆறு மாதத்துள் காணியை ஆட்சிகொள்ள வேண்டுமென்ற கெடுவோ, 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் இடைத்தங்கல் முகாமின் முட்கம்பிக்குள் இருந்தோருக்கு எத்துணைக் கொடிய விதி!

இவை யாவும் மரணம் நிச்சயமானவர்க்கு. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் நீதி கேட்டுப் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரும் மனைவியரும், காணாமல் ஆக்கப்பட்டவருக்கு மரணச் சான்றிதழ் பெற எங்ஙனம் இசைவர்? பிள்ளையைப் படையினரிடம் உயிரோடு கையளித்தவர்கள், அவன் இறந்தானெனத் தம் கையாலேயே ஒப்பமிடுவதா? 2010இன் இறப்புகளைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் மரணப் பதிவுக்கே வழிகாட்டிற்று. 2016ஆம் ஆண்டுத் திருத்தமே, காணாமற்போனமைக்கான சான்றிதழைத் தந்து, மரணத்தை ஒப்புக்கொள்ளாமலே ஆதனத்தைப் பராமரிக்க இடமளித்தது. இச்சான்றிதழ் நீதிக்கு ஈடாகாது. ஆயினும் பிரதேச செயலகமும் வங்கியும் அதனை மறுபேச்சின்றி ஏற்றாக வேண்டும். மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்று எந்தப் பெண்ணையும் திருப்பியனுப்புதல் தகாது.

பெர்மிட் உடையவர்களோ, பெயர் எழுதிக்கொடுத்தால் பிள்ளை தம்மைக் கைவிடுவானென அஞ்சித் தாமதிக்கின்றனர். அவ்வச்சத்திற்கு ஆதாரமில்லை, உயிரோடிருக்கும்வரை அந்நியமனத்தை இரத்துச்செய்து வேறொருவரை நியமிக்க அவர்களுக்குப் பூரண உரிமையுண்டு. பதிவு மரணத்துக்கு முன் முடியவேண்டும். ஆகவே அடுத்த முறை பிரதேச செயலகம் செல்லும் நாளிலேயே, மனைவியையும் உடனழைத்துக்கொண்டு, காணி உத்தியோகத்தரிடம் அந்த இடத்தை நிரப்புவித்துக்கொள்ளுங்கள்.