டிஃப் லொக் விடமாட்டன் எண்டால்

மெரிலேண்ட்ஸிலிருந்து பிள்ளைகளோடு ஸ்டொக்டன் கடற்கரைக்குப் போகிறீர்களா? 32 கிலோமீற்றர் மணல். வோரிமி பாதுகாப்பு நிலத்துக்கு அனுமதிச்சீட்டு எடுத்து, டயர் காற்றையும் குறைத்துத்தான் இறங்கவேணும்.

புதைந்தால் டிஃப் லொக் கைகொடுக்கும். பின்சில்லு இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும். ஆனால் வளைவில் வெளிச்சில்லு கூடத் தூரம் ஓடவேணும். மணல் சறுக்கி இடங்கொடுக்கும், தார் றோட்டு கொடுக்காது. அச்சு முறுகி, பூட்டின் பற்கள் இறுகிவிடும். சுவிட்சை அணைத்தாலும் விளக்கு அணையாது.

பதறி ஆக்சிலரேட்டரை மிதிக்காதேங்கோ, இறுக்கம் கூடும். ஸ்டியரிங்கை நேராக்கி, சுவிட்சை அணைத்து, காலை எடுத்து மெதுவாய் உருளவிடுங்கோ. சரிவராட்டில் சில மீற்றர் நேரே பின்னால் எடுங்கோ. பிறகு மெல்ல முன்னே போகும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சம் அசையுங்கோ. பெரும்பாலும் விட்டுவிடும்.

விளக்கு எரியும்வரை நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம். வளைவில் வாகனம் திரும்பாமல் நேரே தள்ளும், அச்சும் உடையலாம். பின்சீட்டில் பிள்ளைகள் இருக்கினம். இருட்டுதே, நாளைக்கு வேலையே என்று பாராமல் ஓரமாய் நிறுத்தி உதவிக்கு அழையுங்கோ.

மணலிலேயே பூட்டை எடுத்து, விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகு தார் றோட்டில் ஏறினால் இந்தத் தலையிடியே வராது.