படைப்புழுவும் படம் பார்க்கும் கருவியும்

பயிருக்கு வந்த பகை இன்னதென்று காலத்தில் அறிந்துகொள்வது பாதி வெற்றியாகும். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் வட்டாரங்களில் மானாவாரியாக மக்காச்சோளம் பயிரிடும் நம் அங்கத்தினர்கள் இதனைப் பட்டறிந்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட படைப்புழு, 2016ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் புகுந்துவிட்டது. இது என்ன புழு என்று தெளிவதற்குள்ளேயே குருத்து அழிந்துபோன வயல்கள் பல.

இப்பொழுது, கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொண்டே பூச்சியை இனங்காணும் முறை வந்திருக்கிறது. மத்திய அரசு 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கிய தேசியப் பூச்சிக் கண்காணிப்பு அமைப்பு இவ்வகையைச் சேர்ந்ததே. இம்முறை எவ்வாறு வேலை செய்கிறது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நெசவாளத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜக்கார்டு நெசவுக்குப் பூவேலை அமைப்பவர் முதலில் கட்டக் காகிதத்தில் அதனை வரைகிறார். கட்டங்களைத் தனித்தனியே பார்த்தால் பூ இல்லை. சேர்த்துப் பார்த்தால் பூ தெரிகிறது. கைப்பேசிப் படமும் இவ்வாறே பல லட்சம் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவு, 0 முதல் 255 வரையுள்ள எண்களாகக் குறிக்கப்படுகிறது. கணினி புழுவைப் பார்ப்பதில்லை, எண்களையே பார்க்கிறது. நிபுணர்கள் பெயர் குறித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, எந்த அமைப்பு எந்தப் பூச்சிக்கு உரியது என்று அதனைப் பழக்குகிறார்கள். பிறகு நாம் அனுப்பும் படம் அவற்றுள் எதனோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று கணக்கிட்டு அது விடை கூறுகிறது. ஆகவே, அந்த விடை ஒரு மதிப்பீடே அன்றித் தீர்ப்பு அன்று.

இந்த வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை ஓர் ஆராய்ச்சி காட்டுகிறது. 2016ஆம் ஆண்டில் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவர், 14 வகைப் பயிர்களின் 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கினார்கள். அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களைக் காட்டியபோது அது 100க்கு 99க்கு மேல் சரியாகச் சொல்லிற்று. வேறு சூழ்நிலையில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியபோதோ, சரியான விடை 100க்கு 31 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. வெற்றுப் பின்னணியில் வைத்துப் படம் பிடித்த ஒற்றை இலை வேறு. காற்றும் வெயிலும் களையும் சூழ்ந்த வயல் வேறு. மேலும், அந்த 14 பயிர்களுள் மக்காச்சோளம் உண்டு. நெல்லும் சாமையும் கேழ்வரகும் இல்லை. பழக்காத பயிரைக் கணினி எவ்வாறு அறியும்?

கல்வராயன் மலையில் மலையாளி மக்கள் விளைவிக்கும் சாமையை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியப் பகை குருத்து ஈ. அதன் புழு தண்டுக்குள் இருந்து நடுக்குருத்தைக் காயச் செய்கிறது. கேமராவுக்கு எட்டுவது காய்ந்த குருத்து மட்டுமே, புழு தெரிவதில்லை. அது தெரிந்த பின் மருந்து தேடுவதைவிட, பருவமழை தொடங்கியவுடன் காலந்தாழ்த்தாது விதைப்பதே தக்க காப்பு. கருவியின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

படைப்புழுவிலோ படம் பெரிதும் உதவும். அதன் தலையில் தலைகீழான ‘ஒய்’ எழுத்துப் போன்ற வெண்கோடு உண்டு. வாலுக்கு அருகில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். தண்டுத் துளைப்பானும் இலையில் வரிசையாகத் துளையிடுவதால் இலையை மட்டும் படம் எடுத்தால் குழப்பம் நேரும். ஆகவே மூன்று படங்கள் எடுக்க வேண்டும்: முழுச் செடி, விரித்த குருத்து, புழுவின் தலையும் வாலும். காலை வெளிச்சத்தில், நிழல் விழாமல், கை ஆடாமல் எடுப்பது நலம்.

காலமும் முக்கியம். முட்டை இரண்டு மூன்று நாட்களில் பொரிந்துவிடும். புழுப் பருவம் ஏறக்குறைய இரண்டு வாரம் முதல் மூன்று வாரம் வரை. புழு பெரிதாகிக் குருத்தின் ஆழத்தில் புகுந்து, தன் எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டால், தெளிக்கும் மருந்து அதனை எட்டாது.

புழு இன்னதென்று தெரிந்துவிட்டது என்பதற்காக உடனே மருந்து வாங்க ஓடவும் வேண்டாம். படம் பூச்சியின் பெயரைச் சொல்லுமே தவிர, வயலில் எவ்வளவு சேதம் என்பதைச் சொல்லாது. வயலில் ஐந்து இடங்களில் இருபது இருபது செடிகளாக நூறு செடிகளைப் பார்த்து எண்ண வேண்டும். இளம்பயிரில் ஐந்து செடிகளுக்கு மேல் தாக்கப்பட்டிருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். இதற்கு 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக் கொள்ள வேண்டும். வளர்ந்த குருத்துப் பருவத்தில் சேதம் 100க்கு 10ஐத் தாண்டினால், வேளாண்மை அலுவலரின் ஆலோசனைப்படி மருந்து தெளிக்கலாம். ஐயமிருப்பின் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

தவறான பெயரை நம்பித் தெளிக்கும் மருந்து, கடன் வாங்கிய பணத்தை மண்ணில் கொட்டுவதாகும். புழுவைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளையும் அது அழிக்கும். இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. ஊருக்கு ஒரு நல்ல கைப்பேசியும், பழகிய இளைஞர் ஒருவரும், ஒரு பதிவேடும் இருந்தால் போதும். படம் எடுத்த நாள், பயிரின் வயது, கருவி சொன்ன பெயர், அலுவலர் நேரில் பார்த்து உறுதி செய்த பெயர், நூறு செடிகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அதில் குறித்து வர வேண்டும். இரண்டொரு பருவங்களில், கருவி நம் வயலில் எத்தனை முறை சரியாகச் சொன்னது என்பது நமக்கே தெரிந்துவிடும். நம் சாமைக்கும் கேழ்வரகுக்கும் பெயர் குறித்த படங்கள் சேர்ந்தால், அவற்றைக் கணினிக்குக் கற்பிக்கவும் வழி பிறக்கும். கருவி பிறர் செய்ததாயினும் வயல் நம்முடையது. அதனை நன்கு அறிந்தவர்களும் நாமே. அந்த அறிவைப் பதிவேட்டில் ஏற்றும் பணியை வரும் பருவத்திலேயே தொடங்குவோமாக.