புற்றுநோய் மருந்துச் செலவு: உதவி பெறும் வழிகள்

புற்றுநோய் என்று மருத்துவர் கூறியதும் குடும்பத்தார் முதலில் கவலைப்படுவது உயிரைப் பற்றி; அடுத்து, பணத்தைப் பற்றி. நிலத்தை அடகு வைத்தும் நகைகளை விற்றும் முதல் சில மாதங்களுக்கு மருந்து வாங்குவோர் பலர். கையிருப்பு கரைந்த பின்னரே அவர்கள் அரசு உதவியை நாடுகின்றனர். ஆனால், ஏற்கெனவே செலவழித்த தொகையை ஈடு செய்வதற்கு முக்கியமான நிதியுதவித் திட்டங்களில் இடமில்லை. எனவே உதவி தேடும் முயற்சி, சிகிச்சை தொடங்கும்போதே தொடங்கப்பட வேண்டும்.

மருந்தின் விலை

பணம் தேடுவதற்கு முன், அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்கிறதா என்று அறிவது நன்று. காப்புரிமையும் விற்பனையாளர் இலாபமும் மருந்தின் விலையை எவ்வளவு உயர்த்துகின்றன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்குத் தரப்படும் சோராஃபெனிப் மருந்தின் ஒரு மாத விலை சுமார் ரூ. 2,80,000 ஆக இருந்தது. 2012 மார்ச்சில் இந்திய நிறுவனம் ஒன்றுக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது அதன் விலை ரூ. 8,880 என நிர்ணயிக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை இல்லை என உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1-ஆம் நாள் தீர்ப்பளித்ததால், மலிவான தயாரிப்புகள் தொடர்ந்து கிடைத்து வருகின்றன.

2019 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபத்துக்கு 30 சதவீத உச்சவரம்பு விதித்தது. 2015-இல் தொடங்கப்பட்ட அம்ரித் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் பல மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. மருந்தின் வணிகப் பெயரோடு அதன் மூலப்பெயரையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டால் விலைகளை ஒப்பிடுவது எளிது. எனினும், மருத்துவரைக் கேளாமல் ஒரு மருந்துக்கு மாற்றாக மற்றொன்றை உட்கொள்ளலாகாது.

காப்பீட்டின் பயனும் வரம்பும்

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, வருமானத்தைக் கருதாமல், 2024 அக்டோபர் முதல் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. மாநில அரசுகள் பலவற்றுக்கும் தனித் திட்டங்கள் உண்டு. தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தமக்குள்ள உரிமையையும் கேட்டறிதல் வேண்டும்.

இக்காப்பீடு எல்லா மருந்துக்கும் பொருந்தாது. சிகிச்சைகள் தொகுப்புகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. புறநோயாளியாக வந்து வாங்கிச் செல்லும் மருந்துகள் பொதுவாக இதில் அடங்கா. தமக்கு எழுதித் தரப்பட்ட மருந்து தொகுப்பில் உள்ளதா என்பதை மருத்துவமனையின் திட்ட உதவி மேசையில் முதல் நாளே கேட்டுத் தெளிவது அவசியம்.

நிதியுதவிகள்

காப்பீடு எட்டாத இடத்தில் ராஷ்ட்ரீய ஆரோக்கிய நிதி துணை நிற்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள நோயாளிகள் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெறுவதற்காக 1997-இல் இது நிறுவப்பட்டது. இதன் கீழ், சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி 2009-இல் ஏற்படுத்தப்பட்டது. இதற்கென வட்டாரப் புற்றுநோய் மையங்களில் சுழல் நிதி வைக்கப்பட்டிருப்பதால், குறிப்பிட்ட அளவு வரை மருத்துவமனையே உதவியை அனுமதிக்க முடிகிறது. அதற்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் அமைச்சகத்துக்குச் செல்கின்றன.

சிகிச்சையளிக்கும் மருத்துவர் கையொப்பமிட்டு, கண்காணிப்பாளர் மேலொப்பமிட்ட விண்ணப்பம், வருமானச் சான்று, குடும்ப அட்டையின் நகல் ஆகியவை இதற்குத் தேவை. தொகை நோயாளியின் கையில் தரப்படுவதில்லை, மருத்துவமனைக்கே அனுப்பப்படுகிறது. அரசு ஊழியர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இது பொருந்தாது.

பொதுமக்களின் நன்கொடையால் 1948 முதல் இயங்கிவரும் பிரதமரின் தேசிய நிவாரண நிதியும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஓரளவு உதவி வழங்குகிறது. இதற்கு மருத்துவமனையின் செலவு மதிப்பீடு இன்றியமையாதது. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கும் மருத்துவமனையின் சான்று வேண்டும்.

அலுவலர்களின் பங்கு

மேற்கூறிய ஒவ்வொரு வழியிலும் ஒரு சான்றிதழ் குறுக்கே நிற்பதைக் காணலாம். வருமானச் சான்று வழங்கும் வருவாய் அலுவலருக்கு அது நாள்தோறும் வரும் பல தாள்களுள் ஒன்று. நோயாளிக்கோ அது அடுத்த மருந்துச் சுற்று குறித்த நாளில் நடைபெறுமா என்பதைத் தீர்மானிக்கும் தாள். சிகிச்சை இடையில் நின்றால், அதுவரை செலவிட்ட பணத்தின் பயனும் குறைந்துவிடக்கூடும்.

எனவே, நோய் உறுதியான வாரத்திலேயே செலவு மதிப்பீட்டையும் விண்ணப்பப் படிவத்தையும் மருத்துவமனை தர வேண்டும். சான்றுகளை வருவாய்த் துறை தாமதமின்றி வழங்க வேண்டும். திட்டங்கள் பல இருப்பினும், அவற்றை நோயாளி அறிந்து, உரிய காலத்தில் அடையும்போதுதான் அவற்றின் நோக்கம் நிறைவேறும். படித்த இளைஞர் ஒருவர் தம் ஊரில் ஒரு குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதித் தருவதும் இப்பணியில் ஒரு பகுதியேயாகும்.