ஒரே சேலை, ரெண்டு சர்வர்: குளோபல் லோட் பேலன்சிங் எப்படி வேலை செய்யுது?

2025 அக்டோபர் 20, திங்கட்கிழமை, நமக்கு தீபாவளி. அன்னைக்கு மதியம் 12.18-க்கு, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கிற ஏடபிள்யூஎஸ் டேட்டா சென்டர்கள்ல ஒரு கோளாறு ஆரம்பிச்சது. ஸ்னாப்சாட், சிக்னல், டுவோலிங்கோனு நாம தினமும் திறக்கிற பல ஆப்கள் உலகம் முழுக்கத் தடுமாறின. அங்க மெஷின் எதுவும் எரியல, கேபிளும் அறுந்து போகல. டைனமோடிபி என்கிற டேட்டாபேஸ் சேவைக்கு டிஎன்எஸ் முகவரி எழுதுற தானியங்கி மென்பொருள்ல, ஒரே நேரத்துல நடந்த ரெண்டு வேலைகள் மோதி, முகவரிப் பதிவே காலியாயிடுச்சு. அந்தப் பதிவைச் சரி பண்ணவே ரெண்டரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு. மத்த சேவைகள் எல்லாம் நிமிர இன்னும் பல மணி நேரம்.

'அதே சேவை இன்னொரு ஊர்லயும் ஓடிக்கிட்டு இருந்தா, ஆட்களை அந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்கலாமே?' இந்தக் கேள்விக்கான பதில்தான் குளோபல் சர்வர் லோட் பேலன்சிங், சுருக்கமா ஜிஎஸ்எல்பி. சாதாரண லோட் பேலன்சர் ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கிற மெஷின்களுக்கு வேலையைப் பிரிக்கும். ஜிஎஸ்எல்பி ஊர்களுக்கு நடுவுல பிரிக்கும்.

இதை ஆரணியை வெச்சு விளக்கப் போறேன். திருவண்ணாமலை மாவட்டத்துல, கமண்டல நாகநதிக் கரையில இருக்கிற பட்டு நெசவு ஊர். இந்த விஷயத்துல இருக்கிற கஷ்டமான பகுதி பட்டுச் சேலை வியாபாரத்துல நல்லா தெரியும்.

யாரை எங்கே அனுப்புறது?

ஆரணியில ஒரு ஆன்லைன் சேலைக் கடை இருக்குன்னு கற்பனை பண்ணிக்குவோம். வாங்குறவங்க சென்னையிலயும் இருக்காங்க, சிங்கப்பூர், டொரண்டோவுலயும் இருக்காங்க. கடையோட சர்வர் மும்பையில ஒண்ணு, சிங்கப்பூர்ல ஒண்ணு.

நீங்க கடைப் பெயரை டைப் பண்ணினதும், உங்க ஃபோன் முதல்ல டிஎன்எஸ் கிட்ட "இதோட ஐபி முகவரி என்ன?"னு கேட்கும். ஜிஎஸ்எல்பி பெரும்பாலும் இந்த இடத்துலதான் உட்கார்ந்திருக்கும். சென்னையில இருந்து கேட்டா மும்பை முகவரி, சிங்கப்பூர்ல இருந்து கேட்டா சிங்கப்பூர் முகவரி. ஃபைபருக்குள்ள ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். அதனால தூரம் குறைஞ்சா பக்கம் சீக்கிரம் திறக்கும்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. டிஎன்எஸ் கிட்ட கேட்கிறது நீங்க நேரடியா இல்ல, உங்களுக்காக ஒரு ரிசால்வர் கேட்குது. அது வேற நாட்டுல இருந்தா, நீங்களும் அங்கயே இருக்கிறதா ஜிஎஸ்எல்பி நினைச்சுக்கும். சில ரிசால்வர்கள் உங்க ஐபியோட முதல் பகுதியை மட்டும் சேர்த்து அனுப்பி இதைச் சரி பண்ணும். எல்லாமே அப்படி அனுப்பாது. இன்னொரு வழி எனிகாஸ்ட்: ஒரே ஐபி முகவரியைப் பல ஊர்கள்ல இருந்து அறிவிக்கிறது. பக்கத்து ஊரை இன்டர்நெட்டோட ரூட்டிங்கே தேர்ந்தெடுத்துக்கும். டிஎன்எஸ் ரூட் சர்வர்களே இப்படித்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கு.

செத்துப் போச்சுன்னு யார் சொல்றது?

ஆரணியில மாஸ்டர் வீவர் பல வீட்டுத் தறிகளுக்குப் பாவு கொடுப்பார். ஒரு தறி நின்னா அடுத்த பாவு வேற தறிக்குப் போகும். ஆனா தறி நின்னது அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். இங்கே அந்தத் தகவலைக் கொண்டு வர்றதுதான் ஹெல்த் செக்.

பத்து நொடிக்கு ஒரு தடவை சர்வரைக் கேட்கிறோம், மூணு தடவை பதில் வரலைன்னா அதைப் பட்டியல்ல இருந்து எடுக்கிறோம்னு வைங்க. அதுக்கே 30 நொடி. டிஎன்எஸ் பதிலுக்கு டிடிஎல்னு ஒரு ஆயுள் இருக்கு. அதை 60 நொடின்னு வெச்சிருந்தா, பழைய முகவரியைக் கையில வெச்சிருக்கிறவங்க இன்னும் ஒரு நிமிஷம் செத்த சர்வரையே தட்டுவாங்க. மொத்தம் ஒன்றரை நிமிஷம். டிடிஎல்லை மதிக்காத ஆப்களும் இருக்கு, அதனால சிலருக்கு இன்னும் அதிகம். 'ஜிஎஸ்எல்பி போட்டாச்சு, இனி ஒரு நொடி கூட நிக்காது'னு யாராவது சொன்னா, டிடிஎல் எவ்வளவுன்னு கேளுங்க.

எங்க இருந்து செக் பண்றீங்க என்பதும் முக்கியம். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் சென்னையைத் தாக்கினதுக்கு அப்புறம், கடலடி கேபிள் பாதிக்கப்பட்டு பலருக்கு இன்டர்நெட் மெதுவாச்சு. இந்த மாதிரி நேரத்துல சர்வர் நல்லாத்தான் இருக்கும், போற வழிதான் அடைபட்டிருக்கும். ஒரே ஊர்ல இருந்து செக் பண்ணினா இந்த வித்தியாசம் தெரியாது. குறைஞ்சது மூணு வேற வேற இடங்கள்ல இருந்து பாருங்க. முகப்புப் பக்கம் திறக்குதான்னு பார்த்தா போதாது, டேட்டாபேஸ் வரைக்கும் போய் வர்ற ஒரு சின்ன பக்கத்தை வெச்சு செக் பண்ணுங்க.

அந்த ஒரே சேலை

இப்ப கஷ்டமான பகுதி. கைத்தறிப் பட்டுச் சேலை ஒண்ணு நெய்ய நாள்கணக்கா ஆகும். அந்தக் கலர்ல, அந்த பார்டர்ல கடையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். மும்பைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல தொடர்பு அறுந்து போச்சுன்னு வைங்க. மும்பை, 'சிங்கப்பூர் செத்துருச்சு'னு நினைக்குது. சிங்கப்பூரும் மும்பையைப் பத்தி அதையே நினைக்குது. ரெண்டுமே உயிரோட இருக்கு, ரெண்டுமே ஆர்டர் வாங்குது. ஒரே சேலை தாம்பரத்துல ஒரு கல்யாணப் பொண்ணுக்கும், சிங்கப்பூர்ல இன்னொருத்தருக்கும் வித்துப் போயிடும். இதுக்குப் பேர் ஸ்ப்ளிட் பிரெய்ன்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம். முகூர்த்தத்துக்கு மூணு நாள் இருக்கும்போது சேலை இல்லைன்னு கேட்கிற வீட்டுக்கு அது பதில் ஆகாது. கடையோட பேர் கெட்டா அடுத்த ஆர்டர் குறையும், ஆர்டர் குறைஞ்சா தறி நிக்கும், துண்டுக் கணக்குல கூலி வாங்குற நெசவாளருக்குத்தான் முதல்ல அடி விழும்.

அதனால நான் சொல்ற அமைப்பு இதுதான். சேலையைப் பார்க்கிறது ரெண்டு ஊர்லயும் நடக்கட்டும். விக்கிறது ஒரு ஊர்ல மட்டும் நடக்கட்டும். மும்பைதான் விற்பனைக் கணக்கு எழுதும். சிங்கப்பூர் அந்தக் கணக்கோட நகலை வெச்சிருக்கும். மும்பை விழுந்தா சிங்கப்பூர் தானா பொறுப்பு எடுக்கக் கூடாது. மூணாவதா ஒரு ஊர்ல சின்ன சாட்சி சர்வர் ஒண்ணு இருக்கணும். மூணுல ரெண்டு ஒத்துக்கிட்டா மட்டும் பொறுப்பு மாறும். தனியா மாட்டிக்கிட்ட சர்வர், உயிரோட இருந்தாலும் விற்பனையை நிறுத்திடணும். நகல் சில நொடி பின்தங்கி இருக்கலாம். அதனால பொறுப்பு மாறின உடனே வர்ற ஆர்டர்களுக்கு "பதிவாச்சு, சரிபார்த்து உறுதி செய்றோம்"னு காட்டினா போதும்.

நீங்களே அமைக்கிறதா இருந்தா

சின்ன கடைன்னா முதல்ல படங்களை மட்டும் சிடிஎன்ல போடுங்க. பக்கம் மெதுவா திறக்கிற பிரச்சினை பெரும்பாலும் அதுலயே தீரும். அடுத்து, ரெண்டாவது ஊர்ல ஒரு காத்திருப்பு சர்வர். ரூட் 53, அஸூர் டிராஃபிக் மேனேஜர், கிளவுட்ஃப்ளேர் மாதிரி சேவைகள்ல ஹெல்த் செக்கும் டிஎன்எஸ் திருப்பலும் ரெடிமேடா கிடைக்குது.

கொள்ளளவைக் கணக்குப் போடுங்க. ரெண்டு ஊர்லயும் 70 சதவீதம் வேலை ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒண்ணு விழுந்தா, மிச்சம் இருக்கிறது 140 சதவீதம் சுமக்கணும். அதுவும் விழும். ஒவ்வொண்ணையும் 50-க்குக் கீழயே வைங்க. விழுந்த சர்வர் எழுந்ததும் முழுக் கூட்டத்தையும் அனுப்பாதீங்க. 10 சதவீதம் அனுப்பி, தாங்குதான்னு பார்த்துட்டுக் கூட்டுங்க.

கடைசியா, வேணும்னே ஒரு ஊரை அணைச்சுப் பாருங்க. மார்கழியில முகூர்த்தம் கிடையாது, பட்டுக்குக் கூட்டம் குறைவு. அதுல ஒரு நாள் காலையில, டீம் எல்லாரும் முழிச்சிருக்கும்போது மும்பையை நிறுத்துங்க. எத்தனை நிமிஷத்துல திரும்புது, எந்த ஆர்டர் தொங்குதுன்னு எழுதி வைங்க. தை பிறந்து கல்யாண ஆர்டர்கள் வர்றதுக்குள்ள அந்தப் பட்டியலைத் தீர்த்துடலாம்.

உங்க கடையில ரெண்டு தடவை வித்துடவே கூடாத பொருள் எது? சேலையா, சினிமா டிக்கெட்டா, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டா? அதை முதல்ல கண்டுபிடிங்க, பாக்கி டிசைனை அதுல இருந்து ஆரம்பிங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.